பேரல் மூடியைத் திறந்த சட்டம்

"யக்கா, பேரலைக் கொஞ்சம் பாக்கணும்."

கோவில்பட்டித் தெருக்களில் கொசுப்புழு ஒழிப்புக்கு வரும் பெண், மூடியைத் தூக்கி டார்ச் அடிக்கிறார். நூல் துண்டு போல ஏதோ நெளிந்து அடிக்குப் பாய்கிறது. கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார். வீட்டம்மாவுக்குப் பகீரென்கிறது. "தண்ணி வந்து எட்டு நாளாச்சு தாயி. கொட்டிராத, மருந்த வேணா ஊத்திட்டுப் போ."

அடுத்த வீட்டுத் தண்ணீரை எட்டிப் பார்க்கும் இந்த அதிகாரம் எப்போது பிறந்தது?

1897இன் கொள்ளைநோய்ச் சட்டத்தைத்தான் பலரும் சொல்வார்கள். பம்பாய் பிளேக்குக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் அவசரமாகப் போட்டது அது, நாலே பிரிவு. சோதனை என்று வீடுவீடாகப் புகுந்ததில் ஆத்திரம் மூண்டு, அந்த ஜூனிலேயே புனேயில் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டார்கள்.

நம் பேரலுக்குரியது வேறு: 1939இன் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம். அது வந்தபோது ராஜாஜி மந்திரிசபையில் சுகாதாரத்தைக் கவனித்தவர் டி.எஸ்.எஸ். ராஜன், தொழிலால் டாக்டர். பொது சுகாதாரத்துக்கென்றே விரிவாக ஒரு சட்டம் இந்தியாவில் வந்தது அதுதான் முதல்முறை. காலராவும் அம்மையும் மலேரியாவும் ஆட்டிவைத்த காலம். கொசுவுக்கென்று தனி அத்தியாயமே உண்டு. தண்ணீரில் புழு இருந்தால், அங்கே கொசு உற்பத்தியாகிறது என்பதற்கு அதுவே சாட்சி என்கிறது அது. கூண்டில் ஏறாமலே சாட்சி சொல்லும் புழு! எழுதியவர் கெட்டிக்காரர்தான்.

இன்று அந்த அத்தியாயத்துக்கு வேலை வைப்பது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். அதற்குச் சாக்கடை வேண்டாம். நல்ல தண்ணீர் போதும். பேரல் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பொரித்த புழு கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். கோவில்பட்டிக் கரிசலிலோ கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்தான். குடிதண்ணீர் தாமிரபரணியிலிருந்து குழாயில் வந்தாக வேண்டும். ஒரு தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் இடையே ஊர் பல வருசம் காத்துக் கிடந்ததும் ஏறக்குறைய அதே ஒரு வாரம், பத்து நாள்தான். அப்புறம் பேரல் வாங்காமல் என்ன செய்வது?

அந்தச் சட்டத்தில் குடிதண்ணீருக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. கொசு அத்தியாயத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது.