கிடங்கும் கொத்தளமும்: பாலக்காட்டுக் கோட்டை வழி ஒரு சொல்லாய்வு

இற்றைத் தமிழில் ‘கிடங்கு’ என்பது பண்டகசாலையையே குறிக்கும். மலையாளத்தில் அதே சொல் ‘கிடங்ஙு’ என ஒலிக்கப்பெற்று அகழியையும் பெரும்பள்ளத்தையும் சுட்டுகிறது. பாலக்காட்டின் கிழக்கெல்லையிலும், சூரியநெல்லி முதலிய இடுக்கித் தோட்டப் பகுதிகளிலும் இருமொழியும் அன்றாடம் கலந்து வழங்குவதால், பெயர்ப்போர் இடறும் சொற்களுள் இதுவும் ஒன்றாகிறது.

மலையாள வழக்கே பழமையானது. சங்க நூல்களில் கிடங்கு என்பது மதிலைச் சூழ்ந்த அகழி. சிறுபாணாற்றுப்படைத் தலைவன் நல்லியக்கோடனுடைய ஊரின் பெயர் கிடங்கில். இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது அது. காவற்காடாகிய மிளை, அதன் உள்ளே கிடங்கு, பின்னர் மதில், மதில்மேல் அம்பெய்வோர் மறைந்து நிற்கும் ஞாயில் என அரணுறுப்புகள் தனித்தனிப் பெயர் பெற்றிருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அகழி, பண்டகசாலை ஆகிய இருபொருளையும் தருகிறது. பின்னைய பொருளுடன் மலாய் மொழியின் ‘குடாங்’, ஆங்கிலத்தின் ‘கோடவுன்’ ஆகியவற்றை இணைத்துக் காண்பர் அறிஞர். வணிகம் ஒரு பொருளைக் கடல் கடத்தியது. போர்ப்பொருளோ மேற்குமலைக்கு அப்பால் தங்கிவிட்டது.

அப்பொருளைக் கண்ணாற் காண இடம் பாலக்காட்டுக் கோட்டை. கோயம்புத்தூரையும் மலபாரையும் இணைக்கும் கணவாயைக் காக்க ஐதர் அலி 1766இல் எழுப்பிய இக்கருங்கற் கோட்டை ஏறத்தாழச் சதுர வடிவினது. சுற்றிலும் அகன்ற கிடங்கு. இன்றும் அதில் நீர் நிற்கிறது. மூலைகளில் கொத்தளங்கள் மதிலுக்கு வெளியே பிதுங்கி நிற்கின்றன. நேர்மதிலின் மேல் நிற்பவனால் மதிலடியை ஒட்டி வந்த பகைவனைச் சுடுதல் அரிது. பிதுங்கிய கொத்தளத்திலிருந்து பக்கவாட்டில் மதிலின் நீளம் முழுவதையும் சுடலாம். 1783இல் புல்லர்டன் படையும் 1790இல் மீண்டும் ஆங்கிலேயர் படையும் கைப்பற்றிய அரண் இதுவே.

எனவே இக்கோட்டையின் கொத்தளத்தை ‘ஞாயில்’ எனப் பெயர்த்தல் பொருந்தாது. செந்தமிழ்ச் சொல்லாயினும் அது வில்லுக்கு உரியது. கொத்தளமோ பீரங்கியைத் தாங்குவது. ‘கோட்டை கொத்தளம்’ என்னும் இணைமொழி இருமொழியிலும் வழங்குவதால் இங்கே புதுச்சொல்லுக்குத் தேவையும் இல்லை.

கிடங்கின் நிலை வேறு. முற்றுகையிட்டோர் கிடங்கைத் தூர்த்தனர் என்னும் தொடரை அவ்வாறே இற்றைத் தமிழில் இட்டால், படிப்போர் நெற்களஞ்சியம் பாழானதாகக் கொள்வர். மலையாளத்திலிருந்து பெயர்க்குங்கால் ‘அகழி’ என்பதே தக்கது. சங்கப் பாடல் உரைகளிலோ கிடங்கு என்னும் சொல்லையே நிறுத்தி, அடிக்குறிப்பில் பொருள் காட்டலாம்.