ஒரே நவம்பர் 1

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 அன்று கடற்கரைச் சாலைக்குப் போய்க் கொடியேற்றத்தைப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். 1954இல் அந்த நாளில்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். எனக்கு அப்போது மூன்று வயது. அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போனதாக அம்மா சொல்வார். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

அதே 1954 நவம்பர் 1 அன்று, விடிவதற்கு முன்பே, அல்ஜீரியாவில் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. காவல் நிலையங்களும் படை முகாம்களும் தாக்கப்பட்டன. தேசிய விடுதலை முன்னணி போரைத் தொடங்கிய நாள் அது. ஒரே பிரான்ஸ், ஒரே நாள். ஓர் ஊரில் கொடியை இறக்கினார்கள். இன்னோர் ஊருக்குப் படையை அனுப்பினார்கள்.

நம் ஊரில் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியா பக்கம். அல்ஜீரியாவில் அப்படி ஒரு வாய்ப்பு கொடுக்கப்படவில்லை. அங்கே ஐரோப்பியர் ஏறக்குறைய 10 லட்சம் பேர், முஸ்லிம்கள் 90 லட்சம் பேர். 1947இல் அமைத்த சட்டசபையில் 120 இடங்கள்; பெரும்பாலும் ஐரோப்பியர் அடங்கிய பிரிவுக்கு 60, முஸ்லிம்களுக்கு 60. அந்தத் தேர்தலிலும் மோசடி நடந்தது. ஓட்டுக்கு மதிப்பில்லை என்று கண்ட இளைஞர்கள் துப்பாக்கியைத் தேடிப் போனார்கள்.

படையைத் தவிர வேறு வழி உண்டு என்று சொன்னவர் ஒரு பெண்மணி, ழெர்மேன் தில்லியோன். 1930களில் ஓரெஸ் மலைப்பகுதியில் தங்கி அந்த மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தவர். பிறகு ஜெர்மானியருக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் சேர்ந்து, பிடிபட்டு, ராவென்ஸ்புருக் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். 1954 கடைசியில் அல்ஜீரியாவுக்குத் திரும்பியபோது, தாம் பார்த்த தன்மானமுள்ள குடியானவர்கள் நிலமிழந்து, நகர ஓரத்துக் குடிசைகளில் பிச்சைக்காரர் நிலைக்கு வந்திருப்பதைக் கண்டார்.

அவர் முயற்சியால் 1955 அக்டோபரில் சமூக மையங்கள் தொடங்கப்பட்டன. ஒரே கட்டடத்தில் ஒரு மருந்தகம், பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு வகுப்பு, பெரியவர்களுக்கு எழுத்தறிவு, கைத்தொழில் பயிற்சி. இவற்றோடு ஒரு மேசை: மனு எழுதித் தரவும், படிவம் நிரப்பித் தரவும், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லவும் அங்கே ஓர் ஆள் இருப்பார். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் நான் செய்ததும் அந்த மேசை வேலைதானே! ஏழைக்கு அரசாங்கம் என்றால் அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவன் முகம்தான். "நாளைக்கு வா" என்று நான் அலட்சியமாகச் சொன்ன நாட்களும் உண்டு. அவற்றை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படையும் மருந்தகம் நடத்தியது, பள்ளி நடத்தியது. எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார், எனக்குப் பெரியப்பா முறை. இந்தோசீனாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அல்ஜீரியா என்றால் வாய் திறக்க மாட்டார். ஒரே ஒருமுறை சொன்னார்: "காலையில நாங்க மாத்திரை கொடுத்த புள்ளையோட வீட்டுக் கதவ, ராத்திரி நாங்களேதான்டா ஒடச்சோம்." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. ஏறக்குறைய 20 லட்சம் கிராம மக்களை ஊரை விட்டு விரட்டி முகாம்களில் அடைத்த படை, அதே மக்களின் மனதை வெல்லவும் முயன்றது. கொடுக்கும் கையும் அடிக்கும் கையும் ஒன்றாக இருந்தால் யார் நம்புவார்கள்?

தில்லியோனின் மையங்களில் படைக்கு இடமில்லை. அதனாலேயே படை அவற்றைச் சந்தேகித்தது. ஊழியர்கள் சிலரைக் கைது செய்து சித்திரவதையும் செய்தது.

1957 ஜூலையில் இன்னொன்று நடந்தது. அல்ஜியர்ஸ் நகரம் பாராசூட் படையின் பிடியில் இருந்த நேரம். நகரத்தில் குண்டு வைத்துவந்த குழுவின் தலைவர் யாசெஃப் சாதி, தில்லியோனைக் காஸ்பாவில் ரகசியமாகச் சந்தித்தார். நீங்கள் கொலைகாரர்கள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார் அந்த அம்மையார். பல மணி நேரம் பேசினார்கள். தூக்கிலிடுவதுபோல் அங்கே கில்லட்டினில் தலை வெட்டுவார்கள். அதை நிறுத்தினால் பொதுமக்களைத் தாக்குவதை நிறுத்துவதாக சாதி வாக்குக் கொடுத்தார். தில்லியோன் பாரிஸுக்கு ஓடினார், கெஞ்சினார். சில வாரங்களிலேயே மீண்டும் தலைகள் வெட்டப்பட்டன. துப்பாக்கி இல்லாமல் போன ஒரு பெண் வாங்கி வந்த வாக்கை அரசாங்கம் வீணாக்கியது.

கடைசியில் அந்த மையங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1962 மார்ச் 15. போர்நிறுத்தத்துக்கு நான்கு நாள்தான் பாக்கி. அல்ஜியர்ஸை அடுத்த எல்பியாரில் மையங்களின் ஆய்வாளர்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுத் தீவிரவாதிகளான ஓ.ஆ.எஸ். கும்பல் உள்ளே நுழைந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டது. மூவர் ஐரோப்பியர், மூவர் அல்ஜீரியர். அவர்களில் ஒருவர் எழுத்தாளர் முலூத் ஃபெராவூன். கபிலியா மலைக் குடியானவரின் மகன், ஆசிரியர். அவருடைய 'ஏழையின் மகன்' நாவலை ஒரு பிரெஞ்சு வாத்தியார் எனக்குப் படிக்கக் கொடுத்தபோது எனக்குப் பதினாறு வயது. படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தபோதுதான், எழுதியவர் எப்படிச் செத்தார் என்று வாத்தியார் சொன்னார். மேசையும் கரும்பலகையும் தீவிரவாதிகளுக்கு எவ்வளவு பயமூட்டுகின்றன என்று எனக்கு அன்று புரியவில்லை, இன்று புரிகிறது.

அல்ஜீரியா 1962 ஜூலை 5 அன்று விடுதலை பெற்றது. 1956இல் கையெழுத்தான நம் ஊர் ஒப்பந்தத்துக்கும் பிரெஞ்சு நாடாளுமன்றம் அந்தப் போர் முடிந்த பிறகே ஒப்புதல் தந்தது. ஆகஸ்ட் 16 அன்று நாம் சட்டப்படி இந்தியரானோம்.

பள்ளியும் மருந்தும் தீவிரவாதத்தை நிறுத்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மக்கள் கேட்டது சம உரிமை; அதைத் தராமல் மாத்திரை மட்டும் தந்தால் நோய் தீராது. உரிமையைத் தந்துவிட்டுப் போன இடத்தில் பிரான்ஸுக்கு இன்றும் மரியாதை இருக்கிறது. நம் ஊரில் லிசே இருக்கிறது, பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, என்னைப் போன்ற கிழவன் இன்னும் காலையில் பிரெஞ்சுப் புத்தகம் படிக்கிறேன். எந்தப் படையும் இதைச் செய்யச் சொல்லவில்லை.

சொல்தா குடும்பத்து நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அல்ஜீரியாவைப் பற்றி ஏதேனும் சொன்னதுண்டா? இருந்தால் எழுதி வையுங்கள். என் பெரியப்பாவிடம் நான் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.