பொதுத்தட்டும் பங்கும்: ஒரு பேய்க்கணவாயின் வரலாறு

ஸ்பெயின் பாணி கடலுணவு ஹோட்டல்களில் ஆளுக்கொரு சாப்பாடு என்பது கிடையாது. சின்னச் சின்னத் தட்டுகள் மேசை நடுவில் வரும். சுற்றி உட்கார்ந்தவர்கள் கைநீட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதற்குத் ‘தாப்பா’ என்று பெயர். மூடி என்று அர்த்தம். ஏன் மூடி என்று கேட்டால் ராஜா கதைதான் சொல்வார்கள். நோயில் கிடந்த பத்தாம் அல்ஃபோன்சோ, வைனோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாராம். காதிஸ் கடற்கரையில் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவின் கோப்பையில் மணல் விழாமல் ஒரு துண்டுக் கறியால் மூடிக் கொடுத்தார்களாம். சாப்பாட்டின் வரலாறு ராஜாவின் வாயிலிருந்துதான் தொடங்கணுமா? பிடித்தவர், காயவைத்தவர், சுமந்தவர், அவித்தவர் யாருக்கும் இந்தக் கதையாடலில் இடமில்லை.

ஒரே ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். வடமேற்கு ஸ்பெயினில் கலீசியா என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே ‘சந்தை ஆக்டோபஸ்’ என்று ஒரு பதார்த்தம். ஆக்டோபஸ் நம் கடற்கரையில் பேய்க்கணவாய். அதைச் செப்புக் கொப்பரையில் அவித்து, கத்திரியால் துண்டு போட்டு, மரத்தட்டில் பரப்பி, கல்லுப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். குச்சியால் குத்தி எடுத்துத் தின்ன வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சமையலுக்குப் பேர்போன ஊர் கார்பாய்ஞ்ஞோ, ஓரென்சே மாகாணத்தில் இருக்கிறது. கலீசியாவின் நான்கு மாகாணங்களில் கடலே இல்லாதது அது ஒன்றுதான்.

கடலில்லாத ஊருக்குக் கடல்பிராணி எப்படி வந்தது? இங்கேதான் மடம் வருகிறது. 1137இல் தோன்றிய ஒசெய்ரா மடம் அந்த வட்டாரத்தின் பெரிய நிலவுடைமை. கடலோர மரீனும் அதன் ஆளுகையில் இருந்தது. மரீன் மீனவர்கள் மடத்துக்குச் செலுத்திய வாரத்தில் காயவைத்த ஆக்டோபஸும் அடக்கம் என்று அப்பகுதி வரலாறு சொல்கிறது. கறி விலக்கிய விரத நாட்களுக்குத் துறவிகளுக்குக் கடலுணவு தேவை. காயவைத்தால் ஆக்டோபஸ் நாள்பட நிற்கும். ஆக, ‘பங்கு’ என்ற சொல் இந்தப் பண்டத்தோடு முதலில் சேர்ந்தது விருந்தில் அல்ல, வசூலில்.

1835வாக்கில் ஸ்பானிய அரசு மடங்களைக் கலைத்து நிலங்களைப் பறித்தது. ஒசெய்ராவும் காலியானது. வாரம் போனது, ருசி போகவில்லை. மாட்டுச் சந்தைகளில் கொப்பரையோடு நின்று ஆக்டோபஸ் அவித்து விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். ‘புல்பெய்ரா’ என்று அவர்களுக்குத் தனிப் பெயரே உண்டு. மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் தெற்கேயிருந்து கோவேறு கழுதைகளில் வந்தவை. மிளகாயோ அமெரிக்காவிலிருந்து வந்தது. மாடு ஓட்டி வந்தவர்கள் ஒரே மரத்தட்டைச் சுற்றி நின்று தின்றார்கள். நம்மூர்ச் சமபந்தியில்கூடப் பக்கத்துப் பக்கத்து இலைதான். எச்சில் பற்றிய பயம் அப்படியே இருக்கும். அங்கே தட்டே பொது. இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் என்ன ஆச்சு? தேவை பெருகப் பெருக, கலீசியக் கடல் போதவில்லை. இன்று பல தட்டுகளுக்கு ஆக்டோபஸ் உறைநிலையில் மொராக்கோவிலிருந்தும் மௌரித்தானியாவிலிருந்தும் வருகிறது. உறையவைத்தால் சதை தானாக மிருதுவாகும். முன்பு அடித்துத் துவைத்துச் செய்த வேலையை ஐஸ் செய்துவிடுகிறது. மொராக்கோ என்ற பெயரில் வருவதில் மேற்குச் சஹாராவின் கடலில் பிடித்ததும் உண்டு. அந்த நிலம் ஸ்பெயினின் காலனியாக இருந்தது. 1975 நவம்பரில், ஃபிராங்கோ சாவதற்கு ஆறு நாள் முன்பு, அதை மொராக்கோவுக்கும் மௌரித்தானியாவுக்கும் கைமாற்ற ஒப்பந்தம் போட்டார்கள். சஹ்ராவி மக்களை யாரும் கேட்கவில்லை. பல்லாயிரம் பேர் அல்ஜீரியப் பாலைவன முகாம்களுக்கு ஓடினார்கள். அங்கேயே தலைமுறைகள் பிறந்துவிட்டன.

அந்தக் கடலையும் உள்ளடக்கி ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் மொராக்கோவுடன் மீன்பிடி ஒப்பந்தம் செய்தது. பொலிசாரியோ முன்னணி வழக்குப் போட்டது. 2021இல் ஒப்பந்தத்துக்கான ஒப்புதல் ரத்தானது. 2024 அக்டோபர் 4இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒன்றியத்தின் வாதம் கவனிக்கத்தக்கது: அங்கே வாழ்வோரைக் கலந்தாலோசித்தோம் என்றார்கள். வாழ்வோர் வேறு, மக்கள் வேறு என்றது நீதிமன்றம். குடியேறியவர்களைக் கேட்டுவிட்டு, துரத்தப்பட்டவர்களின் சம்மதம் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. அந்த மீன்பிடிக்கான அனுமதி 2023 ஜூலையிலேயே காலாவதியாகியிருந்தது. அதுவரை பிடித்தது பிடித்ததுதான்.

மரத்தட்டைச் சுற்றிய சமத்துவம் பொய் என்று சொல்ல வரவில்லை. சந்தையில் அது நிஜமாகவே இருந்தது. ஹோட்டல் மேசையிலும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஆனால் தட்டு மேசைக்கு வரும் முன்பே ஒரு பங்கீடு முடிந்துவிடுகிறது. அன்றைக்கு மரீன் மீனவருக்கும் மடத்துக்கும் நடுவே நடந்தது. இன்றைக்கு முகாமில் இருப்பவருக்கும் மேசையில் இருப்பவருக்கும் நடுவே நடக்கிறது. பகிர்ந்துண்ணும் பண்பாடு பற்றி எழுதுகிறவர்கள் இந்த முதல் பங்கீட்டையும் சேர்த்து எழுதட்டும். இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு ராஜா கதைதான்.