ஒரு பாட்டுக்காகப் பட்டறைக்கு ஓடினவங்க: பெடல் ஸ்டீல் கிட்டாரின் கதை

இந்த எபிசோடை ஒரு பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி'. 1954-ல் அமெரிக்க கன்ட்ரி இசைப் பட்டியலில் 17 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. தேடிக் கேளுங்க. அதில் ஒரு கிட்டார் வரும். இரண்டு சுரம் மேலே வழுக்கிக்கிட்டுப் போகும், ஆனா கூடவே ஒலிக்கிற இன்னொரு சுரம் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இதில் என்ன அதிசயம்னு தோணலாம். ஸ்டீல் கிட்டாரை மடியிலோ ஸ்டாண்டிலோ படுக்க வெச்சு, இடது கையில் ஒரு இரும்புத் துண்டைப் பிடிச்சு நரம்புகள் மேல் நகர்த்தி வாசிப்பாங்க. ஹவாய்லேர்ந்து வந்த முறை அது. இரும்பு நகர்ந்தா அதுக்குக் கீழே இருக்கிற எல்லா நரம்பும் சேர்ந்துதான் ஏறும், சேர்ந்துதான் இறங்கும். ஒன்று நிற்க மற்றது ஏறணும்னா கையால் அது பெரிய வித்தை. பட் ஐசக்ஸ் அதைக் காலால் செஞ்சார்.

பெடல் அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. 1940 வாக்கிலேயே கிப்ஸன் கம்பெனி 'எலெக்ட்ராஹார்ப்'னு பெடல் வெச்ச கருவியை விற்றது. ஆனா அன்னைக்குப் பெரும்பாலும் சுருதி அமைப்பை மாற்றத்தான் பெடல். மிதிச்சுட்டு அப்புறம் மீட்டுவாங்க. ஐசக்ஸ் நரம்பு ஒலிச்சுக்கிட்டு இருக்கும்போதே மிதிச்சார். சுரம் வளையறது கேட்கிறவங்க காதிலேயே விழுந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வித்தியாசம் நிறைய பேர் பிழைப்பைப் புரட்டிப் போட்டது. அதுவரை பெடல் இல்லாமலே அருமையா வாசிச்சவங்களுக்கு ஒரே வருஷத்தில் நெருக்கடி. எல்லாருக்கும் அந்த சத்தம்தான் வேணும். வாங்கலாம்னா ஐசக்ஸ் கருவியைச் செஞ்சது ஒரே ஒரு ஆள், அவர்கிட்ட வரிசையோ நீளம். அதனால் என்ன பண்ணாங்க? சமையலறை மேசையில் கிட்டாரைக் கவிழ்த்துப் போட்டு, கையில் கிடைச்ச கம்பி, ஸ்பிரிங், காரின் பெடல்னு எதையாவது கட்டி முயற்சி பண்ணாங்க. சட்டை மாட்டுற ஹேங்கர் கம்பியை நிமிர்த்திப் பெடல் கட்டின கதைகள் ஸ்டீல் கிட்டார்காரங்க மத்தியில் இன்னும் ஓடுது.

அந்த ஒரே ஆள் பால் பிக்ஸ்பி. கலிஃபோர்னியாக்காரர், பேட்டர்ன் மேக்கர். அதாவது உலோகம் வார்க்கிறதுக்கு முன்னாடி அதுக்கான மர அச்சைச் செய்யற தொழில். மோட்டார்சைக்கிள் பந்தயக்காரர். கிராக்கர் என்ற மோட்டார்சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1948-ல் ஸ்பீடி வெஸ்ட் என்ற கலைஞருக்கு மூன்று கழுத்துள்ள பெடல் ஸ்டீல் ஒன்றை வீட்டோடு இருந்த பட்டறையில் செஞ்சு கொடுத்தார். பெடல், கம்பி, லீவர், வார்த்த அலுமினிய பாகங்கள்னு அடியில் பார்த்தா மோட்டார்சைக்கிள் ஆள் வேலைன்னு தெரியும். ஐசக்ஸுக்கு 1952-ல் அவர் கருவி கிடைச்சது. இன்னைக்கு கிட்டார்காரங்களுக்கு பிக்ஸ்பின்னா வைப்ரேட்டோ கைப்பிடிதான் ஞாபகம் வரும். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஹேங்கர் கம்பி ஏன் தோற்றுப் போச்சு, பட்டறை வேலை ஏன் ஜெயிச்சதுன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். (மெக்கானிக்கல் படிச்சுட்டு கோட் எழுதறேன், பழைய பாவம் விடாது.) 24 அங்குல நரம்பு, 0.017 அங்குலத் தடிமன், பி சுரத்தில் கட்டினா இழுவிசை ஏறக்குறைய 10.5 கிலோ. அதை சி ஷார்ப்புக்கு, அதாவது ஒரு முழு சுரம் ஏற்றணும். அதிர்வெண் 12 சதவீதம்தான் கூடுது, ஆனா இழுவிசை அதன் வர்க்கத்தில் போகும். 26 சதவீதம் கூடணும். இதுக்கு நரம்பை எவ்வளவு இழுக்கணும் தெரியுமா? சுமார் 0.6 மில்லிமீட்டர். அவ்வளவேதான். கால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்குது, நரம்பு ஒரு மில்லிமீட்டர் கூட நகரல. இதில் 0.1 மில்லிமீட்டர் பிசகினா, அரை சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அபஸ்வரம். அது யாருக்கும் கேட்கும். அதோட ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் அதே இடத்துக்கு வந்து உட்காரணும்.

அந்த நகர்வைச் செய்யறது சேஞ்சர்னு ஒரு அமைப்பு. நரம்புக்கு ஒன்றுன்னு உலோக விரல்கள், எல்லாம் ஒரே அச்சுத் தண்டில் கோர்த்திருக்கும். விரலின் வளைந்த தலை மேல் நரம்பு போகும். பெடல் அடியில் இருக்கிற கம்பியை இழுக்கும், விரல் கொஞ்சம் சுழலும், ஒரு தடுப்பில் முட்டி நிற்கும்.

நானும் ஒரே ஒரு விரல் செஞ்சு பார்த்தேன். ஒரு பலகை, ஒரு நரம்பு, 8 மில்லிமீட்டர் தண்டு. வரைபடத்தைப் பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அங்கே இருந்த அண்ணன் சொன்ன மாதிரியே செஞ்சு கொடுத்தார். வீட்டில் மாட்டி மிதிச்சா சுரம் ஏறுது, காலை எடுத்தா ஒவ்வொரு முறையும் வேற வேற இடத்துக்கு இறங்குது. திரும்பப் போய்க் காட்டினேன். விரலை ரெண்டு பக்கம் ஆட்டிப் பார்த்துட்டுக் கேட்டார்: "தம்பி, 8-ன்னு மட்டும் போட்டிருக்கீங்க, டாலரன்ஸ் எங்க? ட்ரில் போட்ட ஓட்டை இப்படித்தான் இருக்கும். ரீமர் போடணும்." நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் நான். ரீமர் போட்ட இரண்டாவது விரல் ஒழுங்கா உட்காருது. இன்னும் ஒன்பது பாக்கி!

நாஷ்வில்லுக்குத் திரும்புவோம். 1957-ல் ஷாட் ஜாக்ஸன், பட்டி எம்மன்ஸ் என்ற இரண்டு வாசிப்பாளர்கள் சேர்ந்து தங்களுக்கும் மற்றவங்களுக்கும் பெடல் ஸ்டீல் செய்ய ஆரம்பிச்சாங்க. ஷாட், பட்டி ரெண்டும் சேர்ந்து 'ஷோ-பட்'. எம்மன்ஸுக்கு அப்போ 20 வயசு. அதே வருஷம் லியோ ஃபெண்டரும் கேபிள், கப்பி வெச்ச ஒரு மாடலைக் கொண்டு வந்தார். ஆனா வாசிக்கிறவனே பட்டறையில் நிற்கும்போது நடக்கிற விஷயம் வேற. ஐசக்ஸின் பெடல் இரண்டு நரம்பையும் ஒன்றாகத்தான் ஏற்றும். எம்மன்ஸ் அதை இரண்டு பெடலாகப் பிரிச்சார். ஒரு நரம்பை மட்டும் ஏற்றலாம், கணுக்காலை லேசா சாய்ச்சா மற்றதும் சேரும். இன்றைய இ9 பெடல் அமைப்புக்கு ஆதாரம் இந்தப் பிரிவினைதான்.

இதே காலத்தில் ஜிம்மி டே என்ற இன்னொரு பெரிய கலைஞர் அந்தப் பெடல்களையே வலமிருந்து இடமா மாற்றி வெச்சுக்கிட்டார். இன்னைக்கும் பெடல் ஸ்டீல் வாங்கப் போனா முதல் கேள்வி, "எம்மன்ஸா, டேயா?" நம்ம ஆபீஸில் டேப்பா ஸ்பேஸான்னு நடக்கிற சண்டை மாதிரிதான். எம்மன்ஸ் 1963-ல் ஷோ-பட்டை விட்டு விலகி, ஒரே விரலைத் தள்ளியும் இழுத்தும் வேலை வாங்கற 'புஷ்-புல்' அமைப்போட தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். அதைச் சுருதி சேர்க்கிறது பெரிய தலைவலி. ஆனா அந்தத் தொனிக்காகவே அந்தப் பழைய கருவிகளைத் தேடி அலையறவங்க இன்னும் இருக்காங்க. புஷ்-புல்லின் உள்ளே என்ன நடக்குதுன்னு அடுத்த எபிசோடில் கழற்றிப் பார்க்கலாம்.