ஒலுவில்: ஒரு கரையோரக் கிராமத்தின் வாழ்வும் வனப்பும்

ஒரு கிராமத்தைக் காண வருவோர் ஒன்றைக் காண்கின்றனர். அங்கு வாழ்வோர் வேறொன்றைக் காண்கின்றனர். பிரான்சின் தென்பகுதியான புரொவன்சிற் குன்றுச் சரிவுகளில் அமைந்த கல்வீட்டுச் சிற்றூர்கள் இன்று உலகெங்கணுமிருந்து பயணிகளை ஈர்க்கின்றன. ஆயின், அவற்றை உயரத்தில் அமைத்த இடைக்கால மக்கள் அழகை நாடி அங்ஙனஞ் செய்தாரல்லர். பகைவரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவே குன்றினைத் தேர்ந்தனர். அவர்தம் தேவை பிற்காலத்தவர்க்கு வனப்பாயிற்று. குன்றெதுவுமற்ற ஒலுவிலுக்கும் இவ்வுண்மை பொருந்தும். இக்கிராமத்தின் காட்சியிடங்கள் எனப்படுவன யாவும் அதன் வாழ்க்கைப் போராட்டத்தின் சுவடுகளே என்பதனை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைவிடமும் தொன்மையும்

ஈழத்தின் தென்கிழக்குக் கரையோரத்தில், வடக்கே நிந்தவூருக்கும் தெற்கே பாலமுனைக்கும் இடையில் ஒலுவில் அமைந்துள்ளது. நிருவாக முறையில் அட்டாளைச்சேனைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல், வடபால் களியோடை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களே இங்குப் பெரும்பான்மையோர்.

1961 ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. ஆகவே இதன் பழைய வரலாற்றை மட்டக்களப்பின் வரலாற்றோடு இணைத்தே நோக்குதல் வேண்டும். போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, ஏறத்தாழ நாலாயிரம் பேரை 1626 ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது வரலாற்று நூல்கள் பலவும் கூறுஞ் செய்தியாகும். இதனைக் கொண்டு கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாறு 1626 இல் தொடங்குகின்றது எனக் கொள்ளுதல் பொருந்தாது. கடல் வணிகத்தின் வழி வந்தோரும், இம்மண்ணிற் பெண்கொண்டு நிலைத்தோரும் அதற்கு முன்னரே இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். இம்மக்களிடையே நிலவும் தாய்வழிக் குடிமரபே அவ்வூகத்துக்கு வலுவூட்டுகின்றது.

குடியும் வீடும்

மட்டக்களப்புத் தமிழரிடையே போன்று இப்பகுதி முஸ்லிம்களிடையேயும் ‘குடி’ என்னும் அமைப்பு உண்டு. ஒருவரது குடி தாயின் வழியாகவே வருவது. பள்ளிவாசல் நிருவாகத்தில் அமரும் மரைக்காயர்களும் மரபாகக் குடிவழியே தெரிவு செய்யப்பட்டனர். அயலூரான அக்கரைப்பற்றிற் பல்லாண்டுகள் ஆய்வு நிகழ்த்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 இல் வெளியிட்ட நூலில் இம்மரபை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

திருமணத்தின்போது வீடு பெண்ணுக்கே உரியதாகின்றது. மாப்பிள்ளை பெண்வீடு செல்கின்றான். இதனால் தாயும் பெண்மக்களும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ, சகோதரியர் வீடுகளே ஒரு தெருவாக உருவாவதுண்டு. வெளியூரார் ‘நெருக்கமான வீடுகள்’ எனக் காண்பதை, உள்ளூரார் ‘உம்மாவின் வளவு’ எனக் காண்கின்றனர். வளவொன்று அழியின், அழிவது வெறுங் காணியன்று. ஒரு குடும்பக் கிளையின் இருப்பிடமே அழிகின்றது. இதனைப் பின்னர் கூறப்படுவதை விளங்கிக்கொள்ளும்பொருட்டு நினைவிற் கொள்ளல் நன்று.

வயலும் கடலும்

ஒலுவில் மக்களின் வாழ்வு இரு கால்களில் நின்றது. ஒன்று வேளாண்மை, மற்றொன்று மீன்பிடி. 1949 இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டம் இப்பகுதியின் நெற்செய்கையைப் பெரிதும் மாற்றிற்று. மழையை நம்பிய நிலங்கள் பல சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரை எதிர்நோக்கலாயின. வயற்காரர் போடியாரென்றும், வட்டைக்கு விதானையென்றும் அமைந்த பழைய ஒழுங்கு இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. எனினும் ‘வட்டை’, ‘களவெட்டி’ முதலாய சொற்கள் முதியோர் வாயில் இன்னும் உயிர்வாழ்கின்றன.

கடற்றொழிலிற் கரைவலை முதன்மை பெற்றிருந்தது. தோணியிற் சென்று கடலில் வளைத்து விட்ட வலையைக் கரையில் நின்று இருபுறமும் பலர் கூடி இழுக்கும் இம்முறைக்கு, நீண்டு அகன்ற மணற்கரை இன்றியமையாதது. வலையும் தோணியும் இருப்பினும் கரை இல்லையேற் கரைவலை இல்லை. பெண்கள் நீர்நிலைகளின் ஓரத்தே விளையும் பன்னை அறுத்துக் காயவைத்துச் சாயமூட்டிப் பாய் இழைத்தனர். இங்ஙனம் வயல், நீர்நிலை, கடற்கரை ஆகிய மூன்றும் மூன்று களஞ்சியங்களாக விளங்கின.

புதிய அடையாளங்கள்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒலுவிலின் பெயர் நாடெங்கும் பரவலாயிற்று. போர்ச்சூழலாற் கல்வி தடைப்பட்ட இப்பகுதி மாணவரின் தேவை கருதி 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்று, 1996 இற் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. அப்போது கப்பற்றுறை அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சி இதிற் பெரும்பங்கு வகித்தது. 1999 இற் கலங்கரை விளக்கம் எழுந்தது. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை இக்கரையோரம் முழுவதையும் உலுக்கிய பின்னர், டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008 இல் துறைமுகப் பணிகள் தொடங்கின. 2013 செப்டெம்பரில் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது.

இவற்றைக் காண இன்று வெளியூர்களிலிருந்து பலர் வருகின்றனர். அலைதடுப்புச் சுவரின் பாறைகளையும் மணற்பரப்பையும் கண்டு மகிழ்ந்து செல்கின்றனர். ஆயின் அம்மணற்பரப்பு எவ்வாறு தோன்றியது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

ஒரு கரை வளர மறுகரை தேய

கடற்கரையின் மணல் நிலையாகக் கிடப்பதன்று. சாய்வாக வந்து மோதும் அலைகள் அதனைக் கரையோரமாக ஓயாது நகர்த்துகின்றன. ஒலுவிற் கரையில் இந்நகர்வு பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. கடலினுள் நீட்டிய அலைதடுப்புச் சுவர் அம்மணலை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது; துறைமுக வாயிலும் மணலால் அடைபட்டது. வடக்கே, இழந்த மணலை ஈடுசெய்யப் புதுமணல் வாராமையாற் கடல் கரையை அரித்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, காணிகள் கடலாயின, கரைவலை இழுத்த இடங்கள் மறைந்தன. நிந்தவூர்க் கரையும் இவ்வரிப்புக்குத் தப்பவில்லை.

இது புதுமையான நிகழ்வன்று. 1876 இல் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்ப்பணி தொடங்கிய பின், அதன் தென்பால் மணல் திரண்டு பெருங்கடற்கரை உருவாயிற்று. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884 அளவில் அங்கு உலாச்சாலை அமைத்து ‘மெரினா’ எனப் பெயரிட்டார். அதே காலந்தொட்டுத் துறைமுகத்தின் வடபாலுள்ள இராயபுரம் முதலிய மீனவர் பகுதிகள் கடலரிப்புக்கு ஆளாயின. மெரினாவின் அழகைப் பாடியோர் பலர். வடசென்னை இழந்த நிலத்தைக் கணக்கிட்டோர் சிலரே. ஒரே சுவரின் ஒருபுறம் காட்சி, மறுபுறம் இழப்பு. நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வனுபவம் கண்முன் இருந்தும் ஒலுவிலில் அதுவே மீண்டது என்பது வரலாற்று மாணவர் சிந்தித்தற்குரியது.

முடிவுரை

துறைமுகமே வேண்டாமென்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வேலைவாய்ப்பை நாடிய ஒரு பிரதேசம் துறைமுகத்தை விரும்பியது இயல்பே. ஆயின் ஒரு கிராமத்தின் வளர்ச்சியை அங்கு எழுந்த கட்டடங்களைக் கொண்டு மட்டும் அளத்தல் குறைபாடுடைய முறையாகும். அங்கு மறைந்தவற்றையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

கரையோரத்தின் ஒவ்வொரு வாடிக்கும் தோப்புக்கும் வலை இழுக்கும் இடத்துக்கும் மக்கள் வழங்கிய பெயர்கள் உண்டு. நிலம் கடலுட் சென்றபின் அப்பெயர்கள் முதியோரின் நினைவில் மட்டுமே எஞ்சுகின்றன. அந்நினைவும் நெடுநாள் நில்லாது. உறுதிகளையும், பழைய நில அளவைப் படங்களையும், கரைவலைத் தொழிலாளரின் வாய்மொழியையும் ஒருங்கே தொகுத்து, இழந்த கரையின் வரலாற்றை எழுதுதல் இக்கிராமத்தின் நடுவே அமர்ந்து கல்வி கற்கும் எமது கலைப்பீட மாணவரின் கடமையாகும். இழப்பீடு கோருவோர்க்கும், நாளைய கரையோரத் திட்டங்களை வகுப்போர்க்கும் அத்தகைய ஏடு சான்றாகப் பயன்படும். அப்பணியைத் தொடங்குதற்குரிய காலம் இதுவே.