கொடுக்கலாம், கொடுத்தாக வேண்டும்: அப்பாவின் துப்பாக்கிப் படிவம்

அப்பா அம்மா வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி, ஒரு தீபாவளி வாரத்தில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். இடம் மத்திய நியூ ஜெர்சி. அந்தத் தெருவில் பாதி வீட்டு வாசலில் கோலம் இருக்கும். குடும்பம் கோயிலுக்குப் போயிருந்த இரண்டு மணி நேரத்தில் பின்பக்கக் கண்ணாடிக் கதவை உடைத்திருக்கிறார்கள். டிவியைத் தொடவில்லை, லேப்டாப்பைத் தொடவில்லை. நேராக மாடிக்குப் போய் நகையை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை.

மறுநாள் இரவு அப்பா போன் செய்தார். "நான் ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேம்மா. அந்த அப்ளிகேஷனை மட்டும் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடு."

அப்பாவுக்கு அப்போது 66 வயது. பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ராத்திரி கண்ணாடிய எங்க வச்சோம்னு தெரியாத மனுஷன், துப்பாக்கி வாங்கப் போறாராம்!"

எனக்கு உடனே கோபம் வந்தது. என் மகள் வாரம் மூன்று நாள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் அப்பாவிடம் வெறும் கோபம் எடுபடாது, அவருக்குக் காரணம் வேண்டும். எனவே வாதத்தில் ஜெயிப்பதற்காகப் படிக்க ஆரம்பித்தேன். படித்து முடித்தபோது ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. வழியில் கிடைத்த வரலாறு மட்டும் மிச்சம். அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் படிவம். நியூ ஜெர்சியில் ரைபிளோ ஷாட்கன்னோ வாங்க ஒரு அடையாள அட்டை வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதிச் சீட்டு. ஒரு சீட்டு 90 நாள் செல்லும். 30 நாளுக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம். கைரேகை கொடுக்க வேண்டும், மனநல ஆவணங்களைப் பார்க்கச் சம்மதம் கொடுக்க வேண்டும். உறவினர் அல்லாத இரண்டு பேர் உங்களைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும். ஊர் போலீஸ் எல்லாவற்றையும் சரிபார்க்கும். இந்த அடையாள அட்டை முறை 1966இல் வந்தது. நாடு முழுமைக்குமான துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு இரண்டு வருடம் முன்னாலேயே இங்கே வந்துவிட்டது. 1968இல் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் இந்தப் பக்கத்து மாநிலங்களின் கதை அதற்கும் முன்னால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் தொடங்குகிறது.

1911 ஜனவரியில் மன்ஹாட்டனில் கிராமர்சி பார்க் அருகே பட்டப்பகலில் டேவிட் கிரஹாம் பிலிப்ஸ் என்ற நாவலாசிரியரை ஒருவன் சுட்டுக் கொன்றான். தன் குடும்பத்தைத்தான் அவர் நாவலில் எழுதிவிட்டார் என்று அவனுக்கு ஒரு பிரமை. (எழுதுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.) அதற்கு ஐந்து மாதம் முன்புதான் நியூயார்க் மேயர் கேனரை ஹோபோக்கனில் கப்பல் தளத்தில் வைத்து ஒருவன் சுட்டிருந்தான். நகரம் பயந்துபோயிருந்தது. அந்த ஆண்டே டிமோதி சல்லிவன் என்ற அரசியல்வாதி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். எல்லோரும் அவரைப் பிக் டிம் என்றுதான் அழைப்பார்கள். மறைத்து வைக்கக்கூடிய அளவுள்ள துப்பாக்கி எதற்கும் இனி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தால் பெருங்குற்றம்.

சல்லிவன் சாதுவான ஆள் இல்லை. டாமனி ஹால் என்ற கட்சி இயந்திரத்தின் பெரும்புள்ளி, அடியாட்களோடு பழக்கம் உள்ளவர். தன் பேச்சைக் கேட்காத ரவுடிகளை உள்ளே தள்ளத்தான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார் என்று அப்போதே பேசினார்கள். போலீஸே துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் பிடித்துவிடும் என்று பயந்து சில ரவுடிகள் கோட்டுப் பைகளைத் தைத்து மூடிவிட்டார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

அந்தச் சட்டத்தில் முதலில் சிறைக்குப் போனவராகச் சொல்லப்படுபவர் ரவுடி இல்லை. மரினோ ரோஸி என்ற இத்தாலியக் குடியேறி. குடியேறிகளை மிரட்டிப் பணம் பறித்த 'கறுப்புக் கை' கும்பலுக்குப் பயந்து துப்பாக்கி வைத்திருந்தேன் என்றார். ஒரு வருடம் சிங் சிங் சிறை.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். திருடனுக்குப் பயந்த ஒரு வெளிநாட்டுக்காரர். அப்பாவும் அதுதானே?

1913இல் அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. துப்பாக்கியை மறைத்து வெளியே எடுத்துச் செல்ல 'தகுந்த காரணம்' காட்ட வேண்டும். காரணம் தகுந்ததா என்று யார் முடிவு செய்வது? அதிகாரி.

நம்மில் பலர் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் 'லாம்', 'வேண்டும்' என்று பயிற்சி எழுதியவர்கள். அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தின் நூறு வருடச் சண்டை அந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது. சில மாநிலங்களில், தகுதி இருந்தால் அதிகாரி உரிமத்தைக் கொடுத்தாக வேண்டும். நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் 2022 வரை கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்று இருந்தது. என் வேலையில் ஒரு சர்வருக்கு யாரை உள்ளே விடுவது என்று விதி எழுதுவோம். விதியை எழுதாமல் "அட்மின் பார்த்து முடிவு செய்வார்" என்று விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அட்மினின் நண்பர்களுக்கு எல்லாம் திறக்கும்.

இது நியூயார்க்கின் கதை மட்டும் இல்லை. பென்சில்வேனியாவில் 1909இல் ஒரு சட்டம் வந்தது. குடியுரிமை பெறாத, வெளிநாட்டில் பிறந்தவர்கள் காட்டு விலங்கை வேட்டையாடக் கூடாது, அதற்காக ஷாட்கன்னோ ரைபிளோ வைத்திருக்கவும் கூடாது. பாட்சோன் என்ற இத்தாலியர் வழக்காடினார். 1914இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. தெற்கே, 1956 ஜனவரி 30 அன்று அலபாமாவின் மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். துப்பாக்கி எடுத்துச் செல்ல அவர் உரிமம் கேட்டார். கிடைக்கவில்லை. அகிம்சைக்காக நாம் கொண்டாடும் மனிதர் அந்த வருடம் அந்தப் படிவத்தை நிரப்பியிருக்கிறார். அவருக்குத் 'தகுந்த காரணம்' இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கும்? பிறகு துப்பாக்கியே வேண்டாம் என்று முடிவு செய்தார், ஆனால் அது அவராக எடுத்த முடிவு.

இங்கே அப்பாவின் ஊர் வருகிறது. அவர் ஓட்டப்பிடாரம் பக்கம். பாஞ்சாலங்குறிச்சி கூப்பிடு தூரம். கட்டபொம்மனை 1799இல் கயத்தாறில் தூக்கிலிட்டதும், ஊமைத்துரை மறுபடி கோட்டை கட்டிப் போராடியதும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் குறைவாகவே பேசுகிறோம். 1801 டிசம்பர் 1 அன்று மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்படும், மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இதை இந்தியா முழுவதற்கும் உரிமமாக மாற்றியது. இந்தியனுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. அப்பாவின் மனதில் 'ஆயுத உரிமம்' என்ற சொல்லின் பின்னால் இந்தப் படம்தான் இருக்கிறது. "வெள்ளைக்காரன் நம்ம கையில இருந்து பிடுங்கினத, இந்த நாட்டுல ஒரு பாரம் நிரப்பினா குடுக்கறான். ஏன் வேண்டாங்கற?" என்றார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

நியூயார்க்கின் 'தகுந்த காரணம்' 2022 ஜூன் 23 வரை நின்றது. அன்று புரூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதைத் தள்ளியது. தற்காப்பு என்ற காரணமே போதும், தனியாக ஒன்றைக் காட்டச் சொல்லக் கூடாது என்றது. அந்த வழக்கில் எனக்கு வியப்பாக இருந்தது ஒன்று: சட்டத்துக்கு எதிராக மனுப் போட்டவர்களில் பிராங்ஸ் உள்ளிட்ட நியூயார்க் பகுதிகளின் ஏழைகளுக்காக வாதாடும் வக்கீல்களும் இருந்தார்கள். இந்தச் சட்டத்தில் சிறைக்குப் போகிறவர்கள் கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும்தான் என்பது அவர்கள் வாதம். துப்பாக்கிச் சட்டம் என்றால் ஒரு பக்கம் வலதுசாரி, மறுபக்கம் இடதுசாரி என்று நான் வைத்திருந்த கணக்கு அங்கே உடைந்தது. நியூ ஜெர்சியும் தன் 'நியாயமான தேவை' விதியைக் கைவிட்டது. அந்த டிசம்பரிலேயே, எந்தெந்த இடங்களுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு நீண்ட சட்டமும் கொண்டுவந்தது.

தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. 2015இல் தெற்கு நியூ ஜெர்சியில் பெர்லின் டவுன்ஷிப்பில் ஒரு பெண், தன்னை மிரட்டிய முன்னாள் காதலனுக்கு எதிராக நீதிமன்றத் தடை வாங்கியிருந்தார். வீட்டில் கேமரா வைத்தார், அலாரம் வைத்தார். ஏப்ரல் 21 அன்று துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பித்தார். 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஜூன் 3 அன்று வீட்டு வாசலில் அவன் அவரைக் குத்திக் கொன்றபோதும் அனுமதி வந்திருக்கவில்லை. துப்பாக்கி கையில் இருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சட்டம் சொன்ன நாள் கடந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லலாம்.

மாநில எல்லையும் ஒரு கண்ணி. பிலடெல்பியாவிலிருந்து வந்த ஒரு தாயை 2013இல் நியூ ஜெர்சியில் போலீஸ் நிறுத்தியது. பென்சில்வேனியா உரிமம் இருக்கிறது, காரில் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே சொன்னார். அந்த உரிமம் இங்கே செல்லாது. கட்டாயச் சிறைத் தண்டனை வரக்கூடிய நிலை வரை போய், கடைசியில் 2015இல் கவர்னர் மன்னிப்பு கொடுத்தார். உங்களில் எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கும் ஒன்று. தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் 1998 முதல் தடை செய்கிறது, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர. நண்பரோடு ஜாலியாகச் சுடப் போய் வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இனி என் பக்கம். அப்பாவுக்கு நான் சொன்ன கதை 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில் நடந்தது. யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போனான். வேஷம் போட்டிருந்தான். தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து "நில்" என்று ஆங்கிலத்தில் கத்தினார். பையனுக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். ஒரே ஒரு குண்டு. குற்றவியல் நீதிமன்றம் வீட்டுக்காரரை விடுவித்தது, பிறகு உரிமையியல் வழக்கில் அவர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. பையனின் பெற்றோர் ஜப்பானில் 17 லட்சத்துக்கு மேல் கையெழுத்துத் திரட்டி, 1993 நவம்பரில் அதிபர் கிளின்டனைச் சந்தித்தார்கள்.

"நம்ம தெருவுல எத்தன பிள்ளைங்க ஊர்லேர்ந்து புதுசா வருது? எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கு. யாரு எந்தக் கதவைத் தட்டுவாங்கன்னு தெரியுமாப்பா?" என்றேன். அப்பா பேசவில்லை.

பிறகு சட்டத்தை எடுத்தேன். நியூ ஜெர்சியில் வெளியே என்றால், உயிர்போகும் பலத்தைப் பயன்படுத்தும் முன், பத்திரமாக விலக முடிந்தால் விலக வேண்டும். சொந்த வீட்டுக்குள் அந்தக் கடமை இல்லை. ஆனாலும் உள்ளே வந்தவனைப் பார்த்தவுடன் சுடலாம் என்று அர்த்தம் இல்லை. திடீரென்று எதிர்கொண்டு உடனே ஏதாவது செய்தாக வேண்டிய நிலை, அல்லது உடம்புக்குத் தீங்கு வரும் என்று நம்ப நியாயம், அல்லது வெளியே போ என்று சொல்லியும் போகாதது, இப்படி ஏதாவது வேண்டும். நகைக்காக மட்டும் ஒரு உயிரை எடுக்க முடியாது. பக்கத்து வீட்டில் நடந்ததோ ஆள் இல்லாத நேரத்துத் திருட்டு. அங்கே துப்பாக்கி இருந்திருந்தால் நகையோடு அதுவும் போயிருக்கும். சிறுவர் கைக்கு எட்டும்படி குண்டு நிரப்பி வைத்து, அது அவர்கள் கைக்குப் போய்விட்டால் அதுவும் இங்கே குற்றம். பேத்தி வரும் வீட்டில் பூட்டித்தான் வைக்க வேண்டும். பூட்டியதை ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணாடி இல்லாமல் திறக்க வேண்டும்.

"அப்ப நீ படிவம் போட மாட்டே," என்றார்.

போட்டேன். அது அவர் உரிமை. புரூன் தீர்ப்பைப் படித்த பிறகு, மரினோ ரோஸியைப் படித்த பிறகு, என் அப்பாவுக்கு 'தகுந்த காரணம்' இருக்கிறதா என்று தீர்மானிக்கும் அதிகாரி வேலையை நான் எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டுமே, தன் பழைய அலுவலக நண்பரையும், தமிழ்ப் பள்ளியில் எனக்கு 'லாம், வேண்டும்' சொல்லிக்கொடுத்த மாமாவையும் கொடுத்தார். மாமா போனில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சரி என்றார். கைரேகை எடுக்க நான்தான் காரில் கூட்டிப் போனேன்.

அட்டை வந்துவிட்டது. பர்ஸில் லைசென்ஸுக்குப் பின்னால் வைத்திருக்கிறார், வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுகிறார். துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. நகையை அம்மா பேங்க் லாக்கரில் வைத்துவிட்டார். பின்பக்கக் கதவுக்குப் புது பூட்டு போட்டாயிற்று. போன வாரம் போனபோது மேஜை மேல் ஒரு ஷாட்கன் விலைப்பட்டியல் கிடந்தது. அதன் மேல் என் மகள் கலர் பென்சிலில் மயில் வரைந்திருந்தாள்.