'பாதுகாவலர்' என்ற இடத்தில் கையெழுத்து

எங்கட தேர்ச்சி அறிக்கையில் கடைசி வரி ஒன்று இருக்கும்: 'பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்'. மன்னாரில் படித்த எங்களில் பலருக்கு அந்த இடத்தில் அம்மம்மாவோ சின்னம்மாவோதான் கையெழுத்து வைத்தார்கள். அதை ஒரு வரலாறாக நாங்கள் யோசித்ததே இல்லை. போரைப் பற்றி எழுதும்போது சண்டை, இடப்பெயர்வு, முகாம் என்று எழுதுகிறோம். இன்னொருத்தர் பெற்ற பிள்ளையை, அதுவும் பதின்ம வயதில், கட்டிக்காத்தவர்களைப் பற்றி எழுதுவது குறைவு.

1990இல் இருந்து தொடங்குவோம். யூனில் போர் மீண்டும் மூண்டது. தலைமன்னார் ரயில் நின்றது, தீவை நிலத்தோடு இணைத்த பாலம் உடைந்தது. ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்ற, அவர்கள் கடல்வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். தமிழர்கள் மடுக் கோயிலடியிலும், படகேறி ராமேஸ்வரத்திலும் தஞ்சமடைந்தார்கள். படகில் எல்லாருக்கும் இடமோ காசோ இருக்காது. "இவனையாவது கூட்டிக்கொண்டு போங்கோ" என்று வளர்ந்த பொடியனைச் சித்தப்பாவோடு ஏற்றிவிட்ட வீடுகள் உண்டு. ஏனென்றால் அந்த வயதுதான் ஆபத்து. சுற்றிவளைப்பில் பிடிபடுவதும் அந்த வயது, இயக்கம் தேடுவதும் அந்த வயது.

2007 செப்டெம்பரில் சிலாவத்துறை, 2008இல் மடு, அடம்பன், விடத்தல்தீவு என்று சண்டை நகர, பெருநிலப்பரப்புச் சனம் கிளிநொச்சிக்கும் பிறகு முள்ளிவாய்க்காலுக்கும் தள்ளப்பட்டது. புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாகப் பிடித்த காலம் அது. பிள்ளைகளைப் பங்கருக்குள் ஒளித்தார்கள், பதினாறு பதினேழு வயதில் அவசரமாகக் கலியாணம் கட்டிவைத்தார்கள். பெற்றவர்களே திணறிய இடத்தில் வளர்த்தவர்களுக்கு இன்னொரு பயமும் இருந்தது: "நாளைக்குத் தாய் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவன்?"

பல தாய்மார் வரவில்லை. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு 2011 சனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் அரச கணக்குகளையே வைத்து 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகள் மெனிக் பாம் முகாமிலிருந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள்?

போர் முடிந்தபின் பிரச்சினை கடதாசியாக வந்தது. இலங்கையில் தத்தெடுப்புச் சட்டம் 1941இலிருந்து இருக்கிறது. அதில் பல பத்தாண்டுகளாக 'பிள்ளை' என்றால் 14 வயதுக்குக் குறைந்தவர். அம்மம்மா பேரனைத் 'தத்தெடுப்பது' என்பதும் எங்கட ஊரில் யாரும் யோசிக்காத விசயம். ஆகவே வளர்ப்பு கடதாசி இல்லாமலே நடந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை தேவைப்படும்போதுதான், இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழைத் தேடி கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்துக்கும் நடை தொடங்கும்.

அதைவிடக் கஷ்டம் தகப்பனின் கடதாசி. 2010இல் வந்த சட்டத்தின்படி காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம். எடுத்தால் சில அலுவல்கள் நடக்கும். ஆனால் பதினைந்து வயது மகள் கேட்பாள்: "அப்ப அப்பா செத்துட்டார் எண்டு நீங்களே எழுதிக் குடுத்திட்டீங்களா?" 2016இல்தான், செத்தார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு வழி வந்தது. அதற்குள் பல பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்து, கோபத்தோடு வளர்ந்துவிட்டார்கள்.

வீட்டுக்குள் இன்னொரு இழுபறி. ஏசினால் அயல் சொல்லும்: "தன்ர பிள்ளை எண்டா இப்பிடிப் பேசுவாவோ?" ஏசாவிட்டால்: "செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டா." பிள்ளையும் கோபத்தில் "நீங்கள் என்ர அம்மாவோ?" என்று ஒரு வசனத்தால் வெட்டும். எழுபது வயது அம்மம்மாவுக்கு அதற்கு என்ன பதில் இருக்கிறது?

ஆனாலும் சமாளித்தார்கள். எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் அதற்குச் சில வழிகள் இருந்தன. தாய் தகப்பனின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கவில்லை. சகோதரங்களைப் பிரிக்கவில்லை. தான் சொல்லிக் கேளாத விசயத்தை மாமாவைக் கொண்டோ, ரீச்சரைக் கொண்டோ, பங்குத் தந்தையைக் கொண்டோ சொல்லுவித்தார்கள். முக்கியமாக, உண்மையை மறைக்காத வீடுகளில் சண்டை வந்தாலும் பிள்ளை திரும்பி வந்தது. "வெளிநாட்டில இருக்கினம்" என்று பொய் சொல்லி வளர்த்த வீடுகளில், அது வெளிப்பட்ட நாளில் நம்பிக்கையே போனது. பொய் சொன்னவர்களும் அன்பில்தான் சொன்னார்கள் என்பது எங்களுக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இன்று கிளினிக்கில் அம்மம்மாவின் படிவத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் நாங்கள் கையெழுத்து வைக்கிறோம். வரிசையில் காத்திருக்கும் அந்த நேரத்தில் ஒரு கேள்வி கேட்போம்: எங்களை வளர்த்த அந்த வருடங்கள் உங்களுக்கு எப்பிடி இருந்தது? சொல்வதை எழுதி வைப்போம். அவர்கள் இருக்கும்போதே.